கண் கழுவும் குழாய் வரை ஏழு நிலைகள்: பனோரமா வீடியோவிலிருந்து உருவான ஒரு மெய்நிகர் பயிற்சிக்கூடம்

## பின்னணி

இது ஒரு வேதியியல் ஆய்வகத்தில் நடந்தது. அங்கே புதிதாகச் சேரும் பணியாளர்களுக்கு ஒரு மணி நேரப் பாதுகாப்பு வகுப்பு நடக்கும். அது முடிந்ததும் ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். முன்னால் செல்பவருக்குக் கண் கழுவும் குழாய் தெரியும்; கடைசியில் வருபவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். சில வாரங்கள் கழித்துப் பாதுகாப்புப் பொறுப்பாளர் யாரையாவது நிறுத்தி, "கண் கழுவும் குழாய் எங்கே?" என்று கேட்பார். பதில் சொல்வதற்கு முன் பலரும் ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். அந்த ஒரு கணம்தான் அவரை உறுத்தியது.

முதல் கூட்டத்தில் அவர் எங்களிடம் சொன்னார்: "கண்ணில் அமிலம் பட்டவருக்கு யோசிக்க நேரமில்லை. கால் தானாகப் போக வேண்டும்."

அவர் மிகைப்படுத்தவில்லை. அவசரக் கண் கழுவும் கருவிகளுக்கான ஏஎன்எஸ்ஐ இசட்358.1 என்ற அமெரிக்கத் தர விதி, ஆபத்து உள்ள இடத்திலிருந்து 10 வினாடிக்குள் அக்கருவியை அடைய முடிய வேண்டும் என்கிறது. வழியில் தடை எதுவும் இருக்கக் கூடாது. திறப்பு 1 வினாடிக்குள் இயங்க வேண்டும். கையை எடுத்த பிறகும் நீர் தொடர்ந்து வர வேண்டும், ஏனெனில் இமைகளை விரித்துப் பிடிக்க இரண்டு கைகளும் தேவை. 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். இந்த எண்களை வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டது காலுக்கு இறங்கவில்லை.

இதற்காக ஒரு மெய்நிகர் பயிற்சியை உருவாக்கும் பணி எங்கள் குழுவுக்கு வந்தது. படப்பிடிப்புக்கு ஒருவர், மென்பொருளுக்கு நான், ஆலோசனைக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர், விபத்துக்குள்ளானவராக நடிக்க ஆய்வகத்தின் இளம் பணியாளர் ஒருவர் என நால்வர் இருந்தோம். பக்கத்து மேசையில் வேலை செய்யும் சக பணியாளரின் கண்ணில் அமிலம் தெறிக்கிறது. பயிற்சி பெறுபவர் அவரை அழைத்துச் சென்று குழாயடியில் நிறுத்தித் தண்ணீரைத் திறக்க வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்ட சூழல் இவ்வளவுதான்.

## ஏன் பனோரமா வீடியோ

ஆய்வகத்தை முப்பரிமாண மாதிரியாகக் கட்டினால் பயிற்சி பெறுபவர் அதற்குள் நடக்கலாம், குனியலாம், பொருள்களின் பின்புறத்தையும் எட்டிப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு குழாயையும் அலமாரியையும், மேசையோரம் ஒட்டிய கறை படிந்த எச்சரிக்கைத் தாளையும் உருவாக்கப் பல மாதங்கள் ஆகும். அப்படியும் அது "அந்த" ஆய்வகமாக இருக்காது. அதைப் போன்ற இன்னொன்றாகவே இருக்கும். நாளை உண்மையில் நிற்கப்போகும் அறையையே ஒருவர் பார்க்க வேண்டும் என்பதால் 360 டிகிரி வீடியோவைத் தேர்ந்தோம். இன்றும் அதைச் சரியான தேர்வாகவே கருதுகிறேன்.

அதன் விலையும் தெரிந்தேதான் இருந்தது. பனோரமா வீடியோவில் தலையைத் திருப்பலாம், நகர முடியாது. கேமரா எங்கே நின்றதோ அங்கேதான் பார்ப்பவரும் நிற்கிறார். ஓர் அடி முன்னால் வைத்தால், தலையோடு சேர்ந்து மொத்த அறையும் ஓர் அடி நகரும். கால் தானாகப் போக வேண்டும் என்று கேட்ட ஒருவருக்கு, காலே இல்லாத ஊடகத்தில் பயிற்சி செய்து கொடுக்கப் போகிறோம் என்பதன் முழுப் பொருளும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் தரும் ஸ்டீரியோ முறை வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். அதில் ஒரே பிரேமை இரண்டு கண்களும் பங்கிட்டுக்கொள்வதால் தெளிவு பாதியாகும். தலையைத் தோள்பக்கம் சாய்த்தாலும், நேர் மேலே அல்லது கீழே பார்த்தாலும் ஆழ உணர்வு குலைந்துவிடும். எங்களுக்கு ஆழத்தைவிட எழுத்து முக்கியம். புட்டியின் மேலிருக்கும் லேபிளைப் படிக்க முடியாத ஆய்வகப் பயிற்சியால் பயனில்லை.

## முதல் படப்பிடிப்பு

முன்னும் பின்னுமாக இரண்டு மீன்கண் லென்ஸ் கொண்ட ஒரு 360 கேமராவை 160 செ.மீ. உயரத்தில் நிறுத்தினோம். கிடைத்த வீடியோ 5760 பிக்சல் அகலமும் 2880 பிக்சல் உயரமும் உடையது. பெரிய எண்தான், ஆனால் அந்த 5760 பிக்சலும் 360 டிகிரிக்குப் பரவுகிறது. ஒரு டிகிரிக்கு 16 பிக்சல் கிடைக்கிறது. கூர்மையான மனிதக் கண்ணுக்கு ஈடு கொடுக்க டிகிரிக்கு ஏறத்தாழ 60 பிக்சல் வேண்டும். 2 மீட்டர் தொலைவில் இருக்கும் 1 செ.மீ. உயர எழுத்து கண்ணில் சுமார் 0.29 டிகிரி கோணத்தை அடைக்கும். அதாவது ஐந்து பிக்சல்கூட இல்லை. கண்ணை மூடித் தலையில் அணியும் மெய்நிகர் திரையான ஹெட்செட்டை மாட்டிப் பார்த்தபோது புட்டிகளின் லேபிள்கள் எல்லாம் சாம்பல் நிறப் பட்டைகளாக இருந்தன. இந்தக் கணக்கைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு தாளில் போட்டிருக்கலாம். பத்து நிமிட வேலை.

அடுத்தது தையல் கோடு. இரண்டு லென்ஸ்களின் படங்களும் சேரும் இடத்தில், கேமராவுக்கு அருகில் இருக்கும் பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. இரு லென்ஸ்களும் ஒரே புள்ளியில் இல்லாததால் ஒவ்வொன்றும் அப்பொருளைச் சற்றே வேறு கோணத்தில் பார்க்கிறது. தொலைவிலுள்ள சுவரில் இது தெரியாது. ஒரு மீட்டருக்குள் வந்துவிட்டால் தெரியும். எங்கள் காட்சியில் நடித்தவர் குழாயின் திறப்பைத் தொட்ட இடம் சரியாக அந்தக் கோட்டில் விழுந்தது. மணிக்கட்டு வரை ஒரு கை, அதற்கப்பால் இரண்டு விரல் அகலம் தள்ளி உள்ளங்கை. பயிற்சி முழுவதற்கும் மையமான அந்தக் கை இரண்டு துண்டாக இருந்தது.

ஒளி அளவைக் கேமரா தானாகச் சரிசெய்துகொள்ள விட்டிருந்தோம். ஜன்னல் பக்கம் வெயில் மாறும்போதெல்லாம் அறை முழுவதும் ஒருமுறை இருண்டு வெளுத்தது. 360 கேமராவுக்கு முதுகுப்புறம் கிடையாது என்பதையும் அன்றுதான் முழுமையாகக் கற்றோம். அறைக்கு வெளியே ஒளிந்திருந்த எங்கள் ஒளிப்பதிவாளர், நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடி அடைப்பான ஃபியூம் ஹூட்டின் கதவில் தெளிவாகத் தெரிந்தார். ஒரு மூலையில் யாரோ திறந்து வைத்துவிட்டுப் போன கணினித் திரையும் பதிவாகியிருந்தது. அதை மங்கலாக்கிய பிறகே எதையும் வெளியே காட்டினோம்.

## முதல் வடிவம்

இவ்வளவு குறைகள் இருந்தும் முதல் வடிவத்தை முடித்தோம். யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளில், பார்ப்பவரைச் சுற்றி ஒரு பெரிய கோளம். அதன் உட்புறத்தில் வீடியோ ஓடும். ஒவ்வொரு முக்கியப் பொருளுக்கும் முன்னால் ஒளிரும் வட்டப் பொத்தான் ஒன்றை மிதக்கவிட்டோம். பிரேமில் ஒரு பொருள் இருக்கும் பிக்சலைக் கோணமாக மாற்றுவது எளிது. கிடைமட்டத்தில் 2560ஆவது பிக்சலில் இருந்தால், 5760இல் அது 160 டிகிரி; நடுவை முன்பக்கமாகக் கொண்டு 180ஐக் கழித்தால் இடப்பக்கம் 20 டிகிரி. மேலிருந்து 1600ஆவது பிக்சல் என்றால் கண்மட்டத்துக்குக் கீழே 10 டிகிரி. அந்தத் திசையில் பொத்தானை வைத்தோம்.

மேசையில் மூன்று பொத்தான்கள்: "துணியால் துடை", "சோடா மாவுக் கரைசலை ஊற்று", "கண் கழுவும் குழாய்க்கு அழைத்துச் செல்". மூன்றாவதை அழுத்தினால், தள்ளுவண்டியில் கேமராவை வைத்து உருட்டி எடுத்த ஒரு காட்சி, மேசையிலிருந்து குழாய் வரை 9 மீட்டரும் கொண்டுபோய்ச் சேர்க்கும். வேறு பொருள்களைப் பற்றிய விளக்கப் பொத்தான்களும் நிறைய இருந்தன. அவற்றைச் சேர்க்கச் சேர்க்க, பயிற்சி செறிவாகிறது என்று மகிழ்ந்தோம்.

## சோதனையில் கண்டவை

ஆய்வகத்தைப் பார்த்திராத சிலரைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, ஒருவர் பின் ஒருவராக ஹெட்செட்டைக் கொடுத்தோம். அவர்கள் பார்ப்பது பக்கத்துத் திரையிலும் தெரியும்படி வைத்திருந்தோம். முதல் மூன்று பேரிலேயே போதுமானது தெரிந்துவிட்டது.

யாரும் ஆய்வகத்தைப் பார்க்கவில்லை. தலை ஒரு பொத்தானிலிருந்து இன்னொரு பொத்தானுக்குத் தாவியது. ஒளிரும் வட்டம் இல்லாத இடங்களின் மீது பார்வை வழுக்கிக்கொண்டு போனது. ஒருவர் எல்லாப் பொத்தான்களையும் அழுத்தி முடித்து, எதையும் விடவில்லை என்ற நிறைவோடு ஹெட்செட்டைக் கழற்றினார். அவரிடம் கண் கழுவும் குழாய் கதவுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்தார். "பச்சை வட்டத்துக்குப் பின்னால் இருந்தது" என்றார்.

இந்த ஆய்வை எழுத என்னைத் தூண்டியது அந்தப் பதில்தான். அவர் எதையும் தவறாகச் செய்யவில்லை. எதைப் பார்க்கச் சொன்னோமோ அதைத்தான் பார்த்தார். நாங்கள் வட்டத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தோம்.

தள்ளுவண்டிக் காட்சியில் இரண்டு பேர் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டார்கள். ஒருவருக்குக் குமட்டல் அடங்க அரை மணி நேரம் ஆயிற்று. உடல் நாற்காலியில் அசையாமல் இருக்கிறது, கண்ணோ நகர்கிறோம் என்கிறது. உட்காதின் சமநிலை உறுப்பும் கண்ணும் இப்படி ஒன்றையொன்று மறுக்கும்போது குமட்டல் வருவது நன்கு அறியப்பட்டதுதான். மெதுவாக உருட்டினால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தது எங்கள் பிழை. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அன்றைய சோதனையை அதோடு நிறுத்தினோம்.

அடுத்த நாள் வேறொன்று தெரிந்தது. ஒருவர் "அழைத்துச் செல்" என்பதை அழுத்தினார். திரை ஒரு வினாடிக்கு மேல் கருத்தது. ஏதோ தவறாகிவிட்டது என்று எண்ணி மீண்டும் அழுத்தினார். அந்த இரண்டாவது அழுத்தம் அடுத்த காட்சியின் கேள்விக்குப் பதிலாகப் பதிவாகிவிட்டது. எல்லாக் கிளைகளையும் ஒரே நீண்ட வீடியோ கோப்பில் வைத்து, தேவையான இடத்துக்குத் தாவும்படி செய்திருந்தேன். அந்தக் கோப்பில் 250 பிரேமுக்கு ஒருமுறைதான் முழுப் பிரேம் இருந்தது; மற்றவை மாறியதை மட்டுமே சேமித்தவை. வினாடிக்கு 30 பிரேம் என்றால் எட்டு வினாடிக்கு ஒன்று. இடையில் எங்கே தாவினாலும் ஹெட்செட் அதற்கு முந்தைய முழுப் பிரேமிலிருந்து பிரித்துக்கொண்டே வர வேண்டும். கறுப்புத் திரைக்கு அதுவே காரணம்.

இன்னொரு கோளாறு எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது. காட்சியில் நேர் எதிரே இருக்கும் எச்சரிக்கை மணி ஒலித்ததும் எல்லோரும் இடப்பக்கம் திரும்பினார்கள். கோளத்தைத் தவறான கோணத்தில் சுழற்றிவிட்டேன் என்று நினைத்துத் திருத்தினேன். படம் கெட்டது, ஒலி சரியாகவில்லை. கடைசியில் ஒலிப்பதிவுக் கருவியை ஆய்வகத்தில் நிறுத்தி, முன், பின், இடம், வலம் என நான்கு பக்கமும் கை தட்டிப் பதிவு செய்தோம். முன்னால் தட்டியது இடப்பக்கம் கேட்டது. இடப்பக்கம் தட்டியது தலைக்கு மேலே கேட்டது. அப்போதுதான் புரிந்தது. எல்லாத் திசை ஒலியையும் பதியும் ஆம்பிசோனிக் முறையில் ஒலி நான்கு தடங்களாகப் பதிவாகிறது: டபிள்யூ மொத்த ஒலி, எக்ஸ் முன்–பின், ஒய் இட–வலம், இசட் மேல்–கீழ். பழைய ஃபூமா வரிசையில் அவை டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட். புதிய ஆம்பிஎக்ஸ் வரிசையில் டபிள்யூ, ஒய், இசட், எக்ஸ். எங்கள் பதிவு பழைய வரிசையில் இருந்தது, மென்பொருள் புதிய வரிசையை எதிர்பார்த்தது. முன்–பின் தடத்தை அது இட–வலத் தடமாகவும், இட–வலத்தை மேல்–கீழாகவும் எடுத்துக்கொண்டது. வடிவத்தை மாற்றியதும் மணி எதிரே வந்துவிட்டது. கை தட்டும் சோதனையை இப்போது ஒவ்வொரு படப்பிடிப்பின் தொடக்கத்திலும் செய்கிறோம்.

## எடுத்த முடிவுகள்

முதலில் பொத்தான்களை நீக்கினோம். குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. எதைத் தொட வேண்டும் என்று தெரியாமல் மக்கள் திணறுவார்கள் என்று ஒளிப்பதிவாளர் அஞ்சினார். பாதுகாப்புப் பொறுப்பாளர் சொன்ன ஒரே வாக்கியம் விவாதத்தை முடித்தது: "விபத்தன்றும் அவர்கள் அப்படித்தான் திணறுவார்கள். அதை இங்கேயே திணறட்டும்."

ஆகவே வீடியோவில் இருக்கும் பொருள்களே பதிலளிக்கும்படி செய்தோம். மேசையில் துணி கிடக்கிறது, சோடா மாவுக் கரைசல் புட்டி நிற்கிறது, சக பணியாளர் கண்ணைப் பொத்திக்கொண்டு முனகுகிறார். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரால் புட்டியைச் சுட்டி எடுத்தால், "கண்ணில் பட்ட அமிலத்தை வேறு வேதிப்பொருளால் முறிக்க முயலக் கூடாது, தண்ணீர் மட்டும்தான்" என்று பொறுப்பாளரின் குரல் கேட்கும். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். பணியாளரின் தோளைச் சுட்டினால் அவரை அழைத்துச் செல்லலாம். எந்தப் பொருளின் மீதும் ஒளி இல்லை, எழுத்து இல்லை. சுட்டும்போது கன்ட்ரோலர் கையில் இலேசாக அதிர்வது மட்டுமே குறிப்பு.

நகரும் மனிதரோடு சேர்ந்து அவரைச் சுற்றியுள்ள தொடு பகுதியும் நகர வேண்டும். அரை வினாடிக்கு ஒருமுறை அவர் இருக்கும் கோணத்தைக் கையால் குறித்து, இடைப்பட்டதை மென்பொருள் நிரப்பும்படி எழுதினேன். அதில் ஒரு பொறி இருந்தது. அவர் நமக்கு நேர் பின்னால் கடந்தபோது கோணம் 178இலிருந்து −178க்கு மாறியது. உண்மையில் 4 டிகிரி நகர்வு. என் நிரல் அதை 356 டிகிரியாக எடுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத தொடு பகுதியை அறையின் முன்பக்கம் முழுவதும் அரை வினாடியில் சுழற்றிவிட்டது. அந்த நேரத்தில் எதைச் சுட்டியவருக்கும் பணியாளரைச் சுட்டியதாகவே பதிவானது. எப்போதும் குறுகிய பக்கமாகச் செல் என்ற ஒரு வரியில் அது தீர்ந்தது. வட்டம் தெரியாததால் தவறும் தெரியாது. தொடு பகுதிகளைக் கோடாக வரைந்து காட்டும் ஒரு சோதனை நிலையை அதன் பிறகே சேர்த்தேன்.

மிக நீண்ட விவாதம் அந்த 9 மீட்டரைப் பற்றியது. தள்ளுவண்டி கூடாது. ஒரே அழுத்தத்தில் குழாயடிக்குத் தாவச் செய்யலாம், குமட்டாது. ஆனால் அப்படித் தாவினால் தூரமே இல்லாமல் போகிறது. 10 வினாடி என்ற எண் எதற்காக இருக்கிறதோ, அதுவே அழிந்துவிடும். இங்கே ஒரு பழைய முன்னோடி கைகொடுத்தது. 1970களின் கடைசியில் எம்ஐடி என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ஆஸ்பென் என்ற அமெரிக்க நகரின் தெருக்களைக் காரின் மேல் கேமராக்களைப் பொருத்திப் படமெடுத்தார்கள். வண்டி 10 அடி நகரும்போதெல்லாம் ஒரு படம். அவற்றை லேசர் தட்டில் பதித்து, பார்ப்பவர் தன் விருப்பப்படி தெருவில் முன்னேறவும் திரும்பவும் வழி செய்தார்கள். ஓடும் படமாக இல்லாமல், நின்று நின்று போகும் நடை அது.

எங்கள் வழியை 1.5 மீட்டருக்கு ஒரு நிலையாகப் பிரித்தோம். இரு முனைகளையும் சேர்த்து ஏழு நிலைகள். அடுத்த நிலைக்குப் போக, போக வேண்டிய திசையைப் பார்த்துக் கன்ட்ரோலரை அழுத்த வேண்டும். இடையில் ஒரு மின்வெட்டைப் போலக் குறுகிய இருள். அடுத்த நிலையில் கண் திறக்கும்போது முகம் அதே திசையை நோக்கியிருக்கும். இதற்காக எல்லா நிலைகளிலும் கேமரா ஒரே சுவரைப் பார்க்கும்படி வைத்தோம். தவறான திசையைப் பார்த்து அழுத்தினால் நகர்வு இல்லை, நேரம் மட்டும் போகும். கால் இல்லாத ஊடகத்தில் காலுக்குப் பதிலாக எங்களால் கொடுக்க முடிந்தது இதுவே: ஆறு முறை திசையைத் தேர்ந்து ஆறு முறை நகர்வது.

தெளிவுக் குறையைத் தீர்க்க, ஆய்வகத்தில் பெரும்பாலானவை அசைவதே இல்லை என்ற எளிய உண்மையைப் பயன்படுத்தினோம். சுவர், மேசை, அலமாரி எல்லாம் நிற்கின்றன; ஒரு மனிதர் மட்டும் அசைகிறார். எனவே முதல் நிலையைத் தவிர மற்ற இடங்களில் 360 கேமராவைக் கைவிட்டோம். சாதாரணக் கேமராவை, அதன் லென்ஸின் பார்வை மையம் இடம் மாறாதபடி சுழற்றும் தலையில் பொருத்திப் பல புகைப்படங்கள் எடுத்து 12,000 பிக்சல் அகலமுள்ள அசையாப் பனோரமாவாக்கினோம். டிகிரிக்கு 33 பிக்சல். பார்வை மையம் நகராததால் தையல் கோட்டில் எதுவும் உடையவில்லை. பிறகு அதே கேமராவை இடம் மாற்றாமல் பணியாளர் பக்கம் திருப்பி அவரை மட்டும் வீடியோ எடுத்து, அந்தத் துண்டை அசையாப் படத்தின் மேல் ஓரங்கள் கரையும்படி ஒட்டினோம். ஹெட்செட் ஒரு சிறு வீடியோவை மட்டுமே பிரித்தால் போதும். சுமை வெகுவாகக் குறைந்தது.

கிளைகள் தனித்தனிச் சிறு கோப்புகளாயின. முடிவெடுக்கும் தருணத்தில், வாய்ப்புள்ள எல்லாக் கோப்புகளும் முன்கூட்டியே ஏற்றப்பட்டுத் தயாராக இருக்கும். அதுவரை பணியாளர் கண்ணைப் பொத்தி நிற்கும் ஆறு வினாடிக் காட்சி சுற்றிச் சுற்றி ஓடும். முதல் முயற்சியில் ஆறு வினாடிக்கு ஒருமுறை அவர் தலை வெட்டியிழுத்தது. தொடங்கிய நிலைக்கே திரும்பி வந்து முடிக்கும்படி அவரிடம் கேட்டோம். பொறுமையாகப் பலமுறை செய்து கொடுத்தார்.

## இரண்டாம் படப்பிடிப்பு

இம்முறை தரையில் ஏழு நாடாக் குறிகள் ஒட்டினோம். ஒவ்வொன்றின் உயரம், திசை, சுவரிலிருந்து தூரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதினோம். ஒளி அளவு, நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலை இரண்டையும் கையால் பூட்டினோம், இல்லையென்றால் வீடியோத் துண்டின் ஓரம் தனியாகத் தெரிந்துவிடும். ஜன்னல்களை மூடி அறை விளக்கில் மட்டும் எடுத்தோம். வீடியோத் துண்டின் எல்லையைத் தாண்டினால் பணியாளரின் முழங்கை வெட்டுப்படும் என்பதால் அவருக்கும் தரையில் ஒரு நாடாச் சதுரம் போட்டுக் கொடுத்தோம். கேமராவின் உயரத்தை 150 செ.மீ. ஆக்கினோம், முதல் வடிவத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள், ஏதோ முக்காலி மேல் நிற்பதுபோல் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

கடைசி நிலையை இருமுறை எடுத்தோம், நின்ற உயரத்தில் ஒன்றும் தாழ்வாக ஒன்றும். குழாயடியில் பணியாளரின் முகத்தைக் கவனிக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். பயிற்சி பெறுபவர் தலையைக் கீழே சாய்த்தால் படம் தாழ்வான நிலைக்கு மாறும். குனி என்று எங்கும் எழுதவில்லை. முகத்தைப் பார்க்க விரும்பியவர்கள் தாமாகவே குனிந்தார்கள். இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

## பின்பு நடந்தவை

எதிர்பாராத பலன் ஒன்று படப்பிடிப்பன்றே வந்தது. ஐந்தாம் நிலையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த பொறுப்பாளர் திடீரென எழுந்து போனார். குழாய்க்கு முன்னால், முழங்கால் உயரத்தில், காலி அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. அவர் தினமும் கடக்கும் வழி. நேரில் கண்ணில் படாதது படத்தில் பட்டது. பெட்டியை அகற்றிவிட்டு அந்த நிலையை மறுபடி எடுத்தோம்.

புதிய வடிவத்தில் குமட்டல் புகார் வரவில்லை. மக்கள் தேடினார்கள், முதல் சில வினாடிகள் தடுமாறினார்கள், பிறகு அறையைப் படித்தார்கள். ஹெட்செட்டைக் கழற்றியதும் அவர்களை உண்மையான ஆய்வகத்துக்கு அழைத்துப் போய், வாசலில் நிற்கும்போதே குழாய் எங்கே என்று பொறுப்பாளர் கேட்டார். பெரும்பாலானோர் பேசுவதற்கு முன்பே கை நீட்டினார்கள். அவர் எதிர்பார்த்த மாற்றம் அது. தலை திரும்பிய பாதையையும் மென்பொருளில் பதிவு செய்தோம். ஆனால் தலை நோக்கும் திசை கண் நோக்கும் திசை அல்ல என்பதால் அந்தப் பதிவை வைத்து யாரையும் மதிப்பிடக் கூடாது என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தோம்.

ஆனால் கண்ணை மூடச் சொல்லி, துணைக்கு ஒருவரைக் கூட அனுப்பி, மேசையிலிருந்து குழாய்க்கு நடக்கச் சொன்னபோது நிலைமை வேறாக இருந்தது. சரியான பக்கம் திரும்பினார்கள், சரியாகத் தொடங்கினார்கள், தூரத்தில் தவறினார்கள். சிலர் குழாய்க்கு முன்பே நின்று கையால் துழாவினார்கள். திசை பதிந்திருந்தது, எத்தனை அடி என்பது பதியவில்லை. அது பதிவதற்கு வழியும் இல்லை. எனவே கண் மூடி நடக்கும் பயிற்சியை நிறுத்த வேண்டாம், மெய்நிகர் பயிற்சிக்குப் பிறகு உடனே அதைச் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. முதலில் ஹெட்செட் மட்டுமே போதும் என்ற எண்ணம் நிர்வாகத்தில் சிலருக்கு இருந்தது. அதைக் கைவிடச் செய்தது இந்த நடைதான்.

இன்னொன்று நாங்களே கற்பித்த தவறு. குழாயின் திறப்பு, உள்ளங்கையால் முன்னோக்கித் தள்ள வேண்டிய ஒரு தட்டு. எங்கள் பயிற்சியில் அதைச் சுட்டிக் கன்ட்ரோலர் விசையை அழுத்தினால் தண்ணீர் வந்தது. நேரில் ஒரு பெண் தட்டின் மேல் விரலை வைத்துக் கீழ்நோக்கி அழுத்தினார். தண்ணீர் வரவில்லை. மறுபடி அழுத்தினார். நான்கைந்து வினாடி கழித்தே தள்ளினார். விபத்து நடந்திருந்தால் அந்த நான்கைந்து வினாடியும் எங்கள் கணக்கில் விழுந்திருக்கும். அன்று மாலையே மாற்றினோம்: இப்போது கன்ட்ரோலரைப் பிடித்த கையை உண்மையில் முன்னோக்கித் தள்ளினால்தான் தண்ணீர் திறக்கும்.

## மீண்டும் செய்வதானால்

எந்தக் கேமராவையும் எடுப்பதற்கு முன் ஏழு நாடாக் குறிகளையும் ஒட்டிவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் நாங்களே நின்று பார்ப்போம். அங்கிருந்து எது தெரிகிறது, எது மறைகிறது, கை எதுவரை எட்டுகிறது என்று எழுதுவோம். நிற்கும் இடத்தைத் தேர்ந்த பிறகுதான் கதையை எழுத வேண்டும். நாங்கள் கதையை எழுதிவிட்டு நிற்க இடம் தேடினோம். முதல் படப்பிடிப்பு முழுவதும் வீணானதற்கு அதுவே காரணம்.

படிக்க வேண்டிய எழுத்துகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை பிக்சலாகும் என்று முன்பே கணக்கிடுவோம். உடல்நலச் சோதனையின் ஒழுங்கையும் மாற்றுவோம்: எந்தக் காட்சியையும் முதலில் நாங்கள் பத்து நிமிடம் அணிந்து பார்த்த பிறகே வெளியார் தலையில் மாட்டுவோம். தள்ளுவண்டிக் காட்சியை நாங்கள் யாரும் ஹெட்செட்டில் முழுமையாகப் பார்த்திருக்கவில்லை. சாதாரணத் திரையில்தான் பார்த்திருந்தோம். அதில் அது நன்றாகவே இருந்தது.

நேரில் கை செய்யும் அசைவு எதுவோ அதையே கன்ட்ரோலரிலும் கேட்போம். முடியாதபோது, அந்தச் செயலை மெய்நிகர் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டு நேரடிப் பயிற்சிக்கு விடுவோம்.

சில மாதங்கள் கழித்து ஆய்வகத்தில் ஓர் அலமாரியை இடம் மாற்றினார்கள். மூன்றாம், நான்காம் நிலைகளிலிருந்து பார்த்தால் அது தெரியும் என்பதால் பயிற்சி பழையதாகிவிட்டது. பொறுப்பாளர் அன்றே அழைத்துச் சொன்னார். தரையில் நாடாக் குறிகள் பாதி தேய்ந்து இருந்தன; நோட்டில் உயரமும் திசையும் தூரமும் இருந்தன. ஒளிப்பதிவாளரும் நானும் காலையில் போய் இரண்டு நிலைகளை மட்டும் மறுபடி எடுத்தோம். மதியத்துக்கு முன் புதிய வடிவம் ஹெட்செட்டில் இருந்தது. அலமாரிக்கு அருகே குழாய்க்குப் போகும் வழி முன்பைவிட ஒரு கை அகலம் குறுகியிருந்ததையும் படத்தில் பார்த்தோம். அதைப் பொறுப்பாளரிடம் காட்டினோம். அலமாரி மறுபடியும் நகர்ந்தது. நாங்களும் மறுபடி எடுத்தோம்.